விலாசத்துக்கு நன்றி

போன வாரம் அவனைப் பேசிச் சமாளித்துத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் லிப்ட்காரர். எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தோம். அந்த அப்பாடாவுக்கு ஆயுசு ஆறே நாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் கால் வைக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா தங்கை இரண்டு பேர். வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் அழைப்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். போன வாரம் வந்து நின்றானே, அந்தப் புருஷனின் அடி தாங்காமல் ஏழு மாதத்துக்கு முன்னால் சின்னவள் தன் நாலு வயதுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டிய துணியோடு அக்காவிடம் வந்து சேர்ந்தாள். அக்கா வீடு அவனுக்குத் தெரியும் என்பதால், ஊரின் மறுகோடியில் ஒரு அறை பார்த்து அவளைக் குடிவைத்தார்கள். அவன் அவளையோ குட்டியையோ நெருங்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட் சொன்னது காகிதத்தில் இருக்கிறது, அவன் காரில் இருக்கிறான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அவள் எங்கே இருக்கிறாள் என்பது.

பெரியவளின் தொழிலைச் சொல்லாமல் இன்றைய கதை நகராது. வீட்டில் உட்கார்ந்தபடி மற்றவர்களுக்கு மெயில் பார்க்கிறவள் அவள். ஒரு பல் டாக்டர், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனி, காது பரிசோதனை நிலையம் ஒன்று. மூன்று இடத்துக்கும் வருகிற மெயில்களைப் படித்துப் பதில் போட்டு நேரம் குறித்துக் கொடுப்பாள். அந்த மூன்றோடு அவளுடைய சொந்த ஐடி, லிப்ட் பழுது பார்க்கிற அவள் புருஷன், அதாவது நம் லிப்ட்காரரின் ஐடி, சின்னவளின் பழைய ஐடி. மூன்று வாரத்துக்கு முன் காது நிலையத்திலேயே சின்னவளுக்கு வரவேற்பு மேஜையில் வேலை வாங்கிக் கொடுத்தாள். நிலையம் அவளுக்கென்று ஒரு ஐடி கொடுத்தது. ஆக மொத்தம் ஏழு.

ஏழையும் தன் லேப்டாப்பில் ஒரே புரோகிராமில் சேர்த்து வைத்திருந்தாள். ஏழு வாசலுக்கும் ஓட முடியாது, எல்லாரும் ஒரே வாசல் வழியாக வரட்டும் என்பது அவள் கட்சி. குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பல் டாக்டருக்கு நீலம். சாமான் கம்பெனிக்கு மஞ்சள். சின்னவளின் புதிய ஐடிக்குப் பச்சை. புருஷனுக்கு என்ன நிறம் கொடுத்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது, அதில் லிப்ட் கம்பி விளம்பரத்தைத் தவிர எதுவும் வந்ததில்லை.

சின்னவளின் பழைய ஐடிக்குச் சாம்பல் நிறம். அவன் மெயில் வருவது அதில்தான்.

அவன் பெயரைத் திரையில் பார்த்தாலே சின்னவள் எழுந்து போய்விடுவாள். வந்த முதல் வாரமே, நீயே பார்த்துக்கோ அக்கா, என்ன எழுதியிருக்கான்னுகூட எனக்குச் சொல்லாதே என்று ஒப்படைத்துவிட்டாள். எதையும் அழிக்கக் கூடாது, குழந்தை விஷயமாக ஏதாவது கேட்டால் மட்டும் இரண்டு வரியில் பதில் போடலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். அந்த இரண்டு வரியைப் பெரியவள் எழுதினாள், சின்னவளின் பெயரில். ஏழு மாதத்தில் சாம்பலிலிருந்து பதினோரு பதில் போயிருக்கிறது. சின்னவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இவ்வளவு பத்திரமாக இருந்தவள் கோட்டை விட்ட இடம் இதுதான். வக்கீலம்மா அவனுடைய மெயில்களை அச்செடுத்துக் கேட்டிருந்தாள். பெரியவளின் பிரின்டரில் மை தீர்ந்துபோயிருந்தது. நிலையத்தில் நல்ல பிரின்டர் இருக்கிறது. அதனால் அவனுடைய மெயில்களைச் சாம்பலிலிருந்து இழுத்து, பச்சைக்குள்ளே ஒரு ஃபோல்டர் செய்து அதில் போட்டாள். சின்னவள் படிக்க வேண்டாம், அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் போதும்.

குட்டியின் தடுப்பூசி அட்டை வேண்டும் என்று அவன் கேட்ட மெயிலும் அந்தக் கூட்டத்தில் போய்விட்டது. நேற்று சாயங்காலம், அடுப்பில் பால் பொங்குகிற நேரம், அதற்குப் பதில் போடவில்லையே என்று ஞாபகம் வந்தது. பச்சைக்குள் போய், அந்த மெயிலைத் திறந்து, அங்கேயே பதில் எழுதி அனுப்பினாள். அட்டை வக்கீலிடம் இருக்கிறது, அவர் மூலம் பெற்றுக்கொள்ளவும். இரண்டே வரி.

மெயில் எந்த ஐடியின் ஃபோல்டரில் இருக்கிறதோ, அந்த ஐடியிலிருந்துதான் பதில் போகும். ஊருக்கே மெயில் பார்க்கிற அவளுக்கு இது தெரியாதா? தெரியும். பால் பொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இன்று காலை பத்து மணி பத்து நிமிடம். பல் டாக்டருக்கு மூன்று பேர், சாமான் கம்பெனிக்கு ஒரு புகார் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், பச்சைக் கோடு போட்ட ஒரு மெயிலில் அவன் பெயரைப் பார்த்தாள்.

நிறம் தப்பாக விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் பெயர் பச்சையில் வர வழியே இல்லை. திறந்தாள். ஒரே வரி.

"விலாசத்துக்கு நன்றி."

அதன் கீழே, நேற்று அவள் அனுப்பிய இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கும் கீழே, நிலையத்திலிருந்து போகிற எல்லா மெயிலுக்கும் தானாக ஒட்டிக்கொள்ளும் அடிக்குறிப்பு. சின்னவளின் முழுப் பெயர், வரவேற்பு, இரண்டாம் மாடி, கட்டட எண், தெரு, நேர் தொலைபேசி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. அந்த அடிக்குறிப்பை அழகாக வரிசை போட்டு அமைத்துக் கொடுத்தவளும் பெரியவள்தான்.

 கை தானாக மேலே போய் அனுப்பியதைத் திரும்பப் பெற ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடியது. பதினாறு மணி நேரத்துக்கு முன்னால் போன கடிதத்தை எந்தப் பொத்தான் பிடித்துக்கொண்டு வரும்?

அவன் மெயில் வந்த நேரம் காலை ஒன்பது முப்பத்தைந்து. அவன் ஊரிலிருந்து காரில் நாலு மணி நேரம். அங்கிருந்து அனுப்பினானா, பாதி வழியிலிருந்து அனுப்பினானா, நிலையத்தின் எதிரில் காரை நிறுத்திவிட்டு அனுப்பினானா என்பதை மெயில் சொல்லாது.

சின்னவளின் செல்போனுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. பரிசோதனை நடக்கிற இடத்தில் செல்போன் கூடாது, காலையிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நிலையத்தின் எண்ணுக்கு அடித்தாள். காது கேளாதவர்கள் கூப்பிடுகிற எண் அது, ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். எப்போது அடித்தாலும் வேறொரு அழைப்பில்தான் இருக்கும்.

செருப்பைத் தேடிக்கொண்டே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். வக்கீலம்மா திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. எதையும் அழிக்காதீங்க, லேப்டாப்பை அப்படியே எடுத்துக்கிட்டு தங்கச்சிகிட்ட போங்க, நான் ஸ்டேஷனுக்குச் சொல்றேன் என்றாள். குட்டியைப் பகலில் விடுகிற குழந்தைகள் காப்பகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று பெரியவள் கேட்டாள்.

"வேண்டாம். அந்த அட்ரஸ் அவனுக்குத் தெரியாது. நீங்க அங்க போனா அவன் பின்னாலேயே வருவான். இருக்கிறதிலேயே குட்டிக்குப் பத்திரமான இடம் அதுதான்."

அதுவும் சரிதான் என்று பெரியவளுக்குப் பட்டது. அடுத்து புருஷனைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் இருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், நீ கிளம்பு, நான் அங்கேயே வந்துடறேன் என்று வைத்துவிட்டார். சாதாரணமாக ஒரு போனுக்கு மூன்று தடவை என்ன, என்ன என்று கேட்கிற மனுஷர்.

நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் அவள் கார்களையே பார்த்துக்கொண்டு போனாள். அவனுடையது வெள்ளை. உலகத்தில் பாதிக் கார்கள் வெள்ளை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாம் மாடியில் எப்போதும் போல எட்டுப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். வரவேற்பு மேஜையில் சின்னவள் இல்லை. பெரியவளுக்கு உயிர் ஒரு நிமிடம் போய் வந்தது. உள்ளே பரிசோதனை அறையில் ஒரு வயதானவருக்கு ஹெட்போன் மாட்டிவிடப் போயிருந்தாள். அது சத்தம் புகாத அறை, கண்ணாடி ஜன்னல் வைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வது தெரிந்தது. இந்த மூன்று வாரமாகத்தான் அவள் இப்படிச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பை இப்போது நான் போய் அணைக்க வேண்டும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தவளைத் தாழ்வாரத்தின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், மென்று விழுங்காமல் சொன்னாள். நேற்று பதில் போட்டது, பச்சையிலிருந்து போனது, அடிக்குறிப்பு, காலையில் வந்த ஒரு வரி. எல்லாம் என் தப்பு என்றும் சொன்னாள். சின்னவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். 

"குட்டி?"

"காப்பகத்துலதான் இருக்கா. அந்த இடம் அவனுக்குத் தெரியாது. வக்கீலம்மா அசைய வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"நிஜமா தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

சத்தியம் என்ற வார்த்தையை எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து விடுகிறோம்.

நிலையத்தின் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அந்த அம்மா அதிகம் கேட்கவில்லை. சின்னவளைப் பின்பக்க அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, மேஜையில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தாள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவன் நேரில் வந்தால் உடனே கூப்பிடுங்கள், பத்து நிமிடத்தில் வருவோம் என்றார்கள். பத்து நிமிடத்தில் அவன் என்னென்ன செய்வான் என்பது சின்னவளுக்குத் தெரியும்.

பதினொன்றரைக்கு லிப்ட்காரர் வந்தார். வந்ததும் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தால், நேராகப் போய் அந்தக் கட்டடத்து லிப்டைத் திறந்து எதையோ கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழுது என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். மேலே வர இரண்டு வழி இருந்தால் இரண்டு பக்கம் பார்க்க வேண்டும், இப்போது படிக்கட்டு ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. கையில் ஸ்பானரோடு முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். படியேறி வந்த ஒவ்வொருவரும் அவரைத் திட்டிவிட்டுத்தான் மேலே போனார்கள். உருப்படியாய் ஒரு வேலை தெரியாதா என்று ஒரு கைத்தடிக்காரர் கேட்டார். முப்பது வருஷமாக லிப்டுக்கே வாழ்க்கைப்பட்ட மனுஷர், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேங்க என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு ஆயிற்று. அவன் வரவில்லை.

பின்பக்க அறையில் உட்கார்ந்து காலடிச் சத்தம் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தாள் சின்னவள். ஷூ சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவாள். இது முடியாது என்று, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்தாள் பெரியவள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாம், வெளியில் என்ன நடந்தாலும் கேட்காது. ஐந்தே நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"உள்ள இருந்தா என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும்தான்க்கா கேக்குது. அதுக்கு இதுவே தேவலை."

ஒன்று. ஒன்றரை. படிக்கட்டில் பேச்சுக் குரல் உயர்ந்தது. பெரியவள் போன் எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சாப்பாடு கொண்டுவந்தவன் லிப்ட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பார்சல் வந்து சேர்ந்தது, யாரும் பிரிக்கவில்லை.

இரண்டு மணிக்கு லிப்ட்காரர் மேலே எட்டிப் பார்த்து, தெருவில் அந்தக் காரே இல்லை, இரண்டு முனையும் போய்ப் பார்த்துவிட்டேன் என்றார். ஒருவேளை மிரட்டலுக்குத்தான் எழுதியிருப்பானோ என்று பெரியவள் கேட்டாள். கேட்கும்போதே அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று நெஞ்சு கெஞ்சியது. அவன் வந்துவிட்டால்கூடத் தேவலை, இந்தக் காத்திருப்புதான் உயிரை எடுக்கிறது என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மணி இரண்டரை ஆயிற்று. சின்னவள் திடீரென்று லேப்டாப்பைக் காட்டினாள்.

"அதைத் திற அக்கா. என் பேர்ல அவனுக்கு என்ன எழுதினேன்னு நான் பார்க்கணும்."

இப்போது வேண்டாம், மனசு கெட்டுவிடும், எல்லாம் முடியட்டும் என்று பெரியவள் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் சொன்னதையெல்லாம் கேட்ட தங்கை இன்று கேட்பதாக இல்லை. லேப்டாப்பைத் தானே இழுத்துத் திறந்தாள். சாம்பலுக்குக் கீழே அனுப்பியவை என்ற பெட்டியைக் காட்டினாள் பெரியவள். வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மூடிய லேப்டாப் அது, இன்னும் நிலையத்தின் வைஃபையில் சேரவில்லை. பழையது மட்டும் இருந்தது.

சின்னவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். குழந்தை நலம். குழந்தைக்குச் சளி சரியாகிவிட்டது. தாங்கள் அனுப்பிய சட்டை கிடைத்தது. நாங்கள் நலம்.

"நாங்க நலம்னு நான் எழுதினேனா?"

"அவன் கோபப்படாம இருக்கட்டும்னுதான்."

"தாங்கள்னு வேற. அவனை நான் ஒருநாளும் தாங்கள்னு சொன்னதில்ல. அவன் முறிச்ச கையில கட்டுப் போட்டுக்கிட்டு இருந்த மாசத்துல, சட்டை கிடைச்சதுன்னு எழுதியிருக்கேன் நான்."

 நல்லது செய்கிறோம் என்றுதான் ஏழு மாதமும் பெரியவள் நினைத்திருந்தாள். தங்கையின் வாயாகத் தான் பேசினோம் என்றால், இத்தனை நாளும் தங்கைக்கு வாயே இல்லை என்று அர்த்தம். அது இப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னவள் அழவில்லை.

"எத்தனை எழுதின?"

"இதுல இருக்கிறது பதினொண்ணு. நேத்து போனது பச்சையில."

மேஜைப் பெண் வந்து, வைஃபை பாஸ்வேர்டு எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். வக்கீலம்மாவுக்கு அந்த ஒரு வரி மெயிலை அனுப்பிவிடலாமே என்று பெரியவள் லேப்டாப்பை இணைத்தாள். ஏழு ஐடியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலையிலிருந்து வந்ததையெல்லாம் இழுத்துக் கொட்ட ஆரம்பித்தன. டிங், டிங் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீலத்தில் நாலு, மஞ்சளில் இரண்டு.

சின்னவள் இன்னும் சாம்பல் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணுன்னு சொன்ன. பன்னிரண்டு இருக்கு."

நேற்று அனுப்பியதாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்த பெரியவள் நிறுத்திக்கொண்டாள். அது பச்சையில் போனது. அதனால்தானே இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதின் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். இன்று மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடம். அப்போது லேப்டாப் இதே மேஜையில் மூடிக் கிடந்தது.

"நீ அனுப்பினியா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

சின்னவள் அதைத் திறந்தாள். காப்பகத்துக்குப் போயிருந்தது. கீழே சின்னவளின் பெயர்.

வணக்கம். இன்று எனக்கு வேலை முடியத் தாமதமாகும். குழந்தையை அவள் அப்பா வந்து அழைத்துக்கொள்வார். தயவுசெய்து தயாராக வைத்திருக்கவும்.

அதே சமயம் இன்னொரு மணி அடித்தது. சாம்பலில் புதிதாக ஒரு மெயில். காப்பகம் பதில் போட்டிருந்தது. சரிங்க அம்மா, தகவலுக்கு நன்றி.

"இந்த பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?" பெரியவளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அந்த ஐடியை எனக்குத் திறந்து குடுத்ததே அவன்தான்க்கா. கல்யாணம் ஆன புதுசுல. பாஸ்வேர்டும் அவன் வச்சதுதான்."

பெரியவள் அந்த பாஸ்வேர்டை ஒரே ஒருமுறை அடித்தாள், ஏழு மாதத்துக்கு முன்னால். அதன்பிறகு புரோகிராம் ஞாபகம் வைத்துக்கொண்டது. புரோகிராம் ஞாபகம் வைத்துக்கொண்டதால் வீட்டில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று வக்கீலம்மாவுக்குக்கூடத் தோன்றவில்லை. குட்டியைக் காப்பகத்தில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் அம்மாவின் மெயில் என்ற இடத்தில் பெரியவள் எழுதிக்கொடுத்தது இந்தச் சாம்பல் ஐடியைத்தான். காப்பகத்திலிருந்து வாராவாரம் வருகிற அறிக்கை, விலாசம், பிள்ளைகளை விடுகிற நேரம் எல்லாம் இரண்டு மாதமாக இதில்தான் வந்துகொண்டிருந்தது. அவள் படித்ததையெல்லாம் அவனும் படித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இல்லாதது வழி ஒன்றுதான். எல்லோரையும் ஒரே இடத்தில் கட்டிப்போட ஒரு வழி. அதை நேற்று சாயங்காலம் இவளே எழுதி அனுப்பினாள். அதற்குத்தான் நன்றி சொல்லியிருந்தான்.

மணி இரண்டு நாற்பத்தாறு. காப்பகம் விடுவது மூன்றுக்கு. இங்கிருந்து இருபது நிமிடம்.

பெரியவள் படிக்கட்டைப் பார்த்துப் புருஷனைக் கத்திக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டு, ஸ்பானரை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுக்க ஓடினார். பெரியவள் காப்பகத்துக்குப் போன் போட்டாள். விரல் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவை மணி போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

காப்பகத்து டீச்சர் எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். பெரியவள் குட்டியின் பெயரைச் சொல்லி, அவள் அங்கே இருக்கிறாளா என்று கேட்டாள்.

"இருக்காளே. அப்பா வந்துட்டாரு. செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கா."

பெரியவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ஏழு மாதமாகத் தங்கைக்காகப் பேசிய வாய் அது, அந்த நேரம் பார்த்து அடைத்துக்கொண்டது.

சின்னவள் போனைப் பிடுங்கினாள்.

"டீச்சர், செருப்பைக் கழட்டுங்க. குழந்தையை உள்ள தூக்கிட்டுப் போய்க் கதவைப் பூட்டுங்க. அந்த ஆள் குழந்தைகிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு. போலீஸ் வருது."

டீச்சர் தடுமாறினாள். நீங்க யாரு என்று கேட்டாள். குழந்தையோட அம்மாவே இப்போதான் மெயில் போட்டாங்களே, அப்பாவோட அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துத்தானே நாங்க தயார் பண்ணினோம் என்றாள். இரைச்சலுக்கு நடுவே, கிளம்பலாமா என்று ஓர் ஆண் குரல் மிக மரியாதையாகக் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் சின்னவளின் கண்கள் ஒரு நொடி மூடின. போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை.

"அது நான் இல்ல டீச்சர். இதுவரைக்கும் என் பேர்ல போன ஒரு கடிதத்தையும் நான் எழுதினதில்ல. இப்போ பேசறேனே, இதுதான் நான்."

 அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. டீச்சர் யாரை நம்புவாள் என்று தெரியாமல், இரண்டு சகோதரிகளும் அந்தப் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.